வாடகை சைக்கிளில் ஒரு தீவு

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும்ணா. நீங்க சிங்கப்பூர்ல இருக்கீங்க. வேலைவாய்ப்பைப் பத்தி எழுதினா பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று நம் மாணவர் மன்றத் தம்பி ஒருவர் போனில் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் வேலைவாய்ப்பு வரவில்லை. சைக்கிள்தான் வந்து நின்றது! நண்பர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த சைக்கிள் கதையை நான்தான் எழுத வேண்டும்.

சிங்கப்பூர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வானத்தை முட்டும் கட்டடங்கள், வழவழவென்ற சாலைகள், வரிசையாக ஓடும் கார்கள். அதே சிங்கப்பூருக்குச் சொந்தமான ஒரு தீவில் சைக்கிள்தான் ராஜா என்றால் நம்புவீர்களா? அந்தத் தீவின் பெயர் புலாவ் உபின். மலாய் மொழியில் 'புலாவ்' என்றால் தீவு. 'உபின்' என்பது கல் பலகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். கருங்கல் தீவு என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கிடக்கிறது. பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். பாலம் கிடையாது. போக வேண்டுமானால் 'பம்போட்' என்கிற மரப்படகுதான். அதில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள், நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி! பன்னிரண்டு பேர் ஏறும் படகில் காரை எங்கே ஏற்றுவது? ஆகவே, போகிறவர்கள் எல்லோரும் இறங்கியதும் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது நடக்கிறார்கள்.

தீவில் ஒரு மோட்டார் வண்டிகூட இல்லை என்று சொன்னால் அது பொய். சில வேன்கள் உண்டு, அரசாங்க வண்டிகள் உண்டு. ஆனால் அங்கே வேன்தான் சைக்கிளுக்குப் பின்னால் பொறுமையாக வருகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படகுக் கூலி கொடுக்கலாம்.

* * *

நான் போனது 2023-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டிங் வேலை. ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ஞாயிறு வந்தால் தேக்கா பக்கம் போவோம். பணம் அனுப்புவோம், பிரியாணி சாப்பிடுவோம், திரும்புவோம். 2020-இல் கொரோனா வந்தபோது தொழிலாளர் விடுதிகளில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு எனக்கு ஓர் ஆசை. மரம் இருக்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். அறையில் இருந்த பட்டுக்கோட்டை அண்ணன்தான், "தம்பி, உபின்னு ஒரு தீவு இருக்கு. நம்ம கிராமம் மாதிரியே இருக்கும், வா" என்றார்.

தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கி, 2-ஆம் நம்பர் பஸ் பிடித்து, கடைசியில் சாங்கி வில்லேஜ். அங்கேதான் படகுத்துறை. ஆளுக்கு நான்கு வெள்ளி. (இங்கே நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தீவு வந்துவிட்டது. தலைக்கு மேலே விமானம் இறங்குகிறது. எதிரே தகரக் கூரை வீடுகளும் தென்னை மரங்களும் தெரிகின்றன. இந்த நாட்டு மின்சாரக் கம்பியும் குழாய்த் தண்ணீரும் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வரவில்லை. ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், கிணறு வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் பேர் வாழ்ந்த தீவில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில டஜன் பேர்தான்.

படகுத்துறையை விட்டு நடந்ததும் ஒரு சின்னக் கடைத்தெரு. வரிசையாக வாடகை சைக்கிள் கடைகள். அந்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது.

சைக்கிள்கள் தோளோடு தோள் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நம்பர். சுவரில் பழைய டயர்கள், தொங்கும் ட்யூபுகள், காற்றடிக்கும் பம்பு, ஒரு வாளித் தண்ணீர். செயின் எண்ணெயும் ரப்பர் சொல்யூஷனும் கலந்த அந்த வாசனை! கண்ணை மூடினால் காவாந்தண்டலம்.

கடைக்காரர் எழுபது வயது தாண்டிய சீனப் பெரியவர். எனக்கு ஒரு சைக்கிளை எடுத்தார். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். சக்கரம் பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். கட்டை விரலால் டயரை அழுத்தினார். இரண்டு பிரேக்கையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கடைசியில் மணியை ஒரு தடவை அடித்தார். பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

அந்த ஐந்து வேலையையும் அதே வரிசையில் செய்கிற இன்னொருவரை எனக்குத் தெரியும். அவர் என் அப்பா.

* * *

செய்யாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர் காவாந்தண்டலம். ஊரில் அப்பாவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஓலைக் கொட்டகை, எட்டு சைக்கிள். மட்கார்டில் சிவப்புப் பெயின்டால் ஒன்று முதல் எட்டு வரை நம்பர். ஐந்தாம் நம்பர் மட்டும் சின்ன சைக்கிள், பிள்ளைகளுக்கு. அதற்குத்தான் எப்போதும் போட்டி! பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் முட்டி தேய்த்துக்கொண்டது எங்கள் கடை வண்டியில்தான். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார். "அரை மணி நேரம்தான். திருப்பிக் கொண்டாந்து விடணும்" என்பார். கொண்டு போனவனிடம் கடிகாரம் இருக்காது. கோயில் பக்கம், ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவான். அப்பா திட்டுவார், ஆனால் அரை மணிக்குத்தான் காசு வாங்குவார்.

பத்து வயதிலேயே எனக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். செயின் கண்ணி கழற்றத் தெரியும். எல்லாவற்றையும் விட, கோட்டம் எடுக்கத் தெரியும். சக்கரம் நெளிந்து போனால் போக்ஸ் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதுதான் கோட்டம் எடுப்பது. அது பொறுமையான வேலை. ரிம் வலது பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இடப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். ஒரே கம்பியைப் போட்டு இறுக்கினால் வேறு பக்கம் கோணிக்கொள்ளும். கால் சுற்று, சுற்றிப் பார்; மறுபடி கால் சுற்று. "அவசரப்பட்டா சக்கரம் முட்டை ஆயிடும்டா" என்பார் அப்பா.

2006 வாக்கில் கடை போய்விட்டது. அப்பா சைக்கிள்களை விற்றுவிட்டு, மரத்தடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரிடமும் மொபெட் வந்துவிட்டது, அதனால் வாடகைக்கு ஆள் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்போது நான் சொல்லப்போவது நம் பாலிடெக்னிக் சம்பந்தப்பட்டது. ப்ளஸ் டூ முடித்து மெக்கானிக்கலில் நேரடி இரண்டாமாண்டு சேர்ந்தேன். முதல் நாள் அறிமுகத்தில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோது, "ஆட்டோமொபைல் லைன் சார்" என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குள் மட்டும் ஏதோ சுருக்கென்றது. அது பரவாயில்லை. சில மாதம் கழித்து நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் வகுப்பு. எங்கள் பயிற்றுநர் தன் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி எடுத்து வந்தார். பள்ளத்தில் விழுந்து கோணிப் போயிருந்தது. மேஜைமேல் வைத்து, "இதை நேராக்க உங்கள்ல யாருக்குடா தெரியும்? லேத்து ஓட்டுறீங்க, ட்ராயிங் போடுறீங்க, இதைச் செய்யுங்க பார்ப்போம்" என்றார். நாற்பது பேர் இருந்தோம். இரண்டு பேர் ஏதோ முறுக்கி இன்னும் கெடுத்தார்கள். எனக்குப் பத்து நிமிஷ வேலை. ஆனால் கை தூக்கினால் 'எங்கே கத்துக்கிட்ட?' என்று கேட்பாரே! பெஞ்ச் வைஸைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கடைசியில் அவர் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெரியாதது தப்பில்லை நண்பர்களே. தெரிந்ததைத் தெரியாத மாதிரி நின்றேன் பாருங்கள், அதுதான்.

* * *

தீவுக்கு வருவோம். பட்டுக்கோட்டை அண்ணன், நான், எங்களோடு வேலை செய்யும் ஒரு வங்கதேச நண்பர், மூன்று பேரும் கிளம்பினோம். முதலில் மேற்குப் பக்கம். இருபுறமும் ரப்பர் மரம், தென்னை, டுரியான் மரம். சில்வண்டுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எதிரே ஒரு குடும்பம் வருகிறது: அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, மூன்று பேருக்கும் தனித்தனி சைக்கிள். அந்தக் குழந்தை சாலையின் நட்டநடுவில் வளைந்து வளைந்து ஓட்டுகிறது. பெற்றோர் "ஓரமா போ, ஓரமா போ" என்று கத்தவே இல்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நம் ஊரில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு நாம் முதலில் சொல்லித் தருவது என்ன? பிரேக் பிடிப்பதையா? இல்லை, ஓரமாகப் போவதை!

வழியில் ஒரு சின்னச் சந்நிதி. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஆங்கிலேயர்களுக்குப் பயந்து ஓடிய ஒரு ஜெர்மன் பெண் இங்கே விழுந்து இறந்துவிட்டாள் என்று ஒரு கதை. அவளைச் சீனர்கள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஒரு பார்பி பொம்மை! கண்ணாடி, பவுடர், வாசனைத் திரவியம் எல்லாம் படையல். நம் பக்கத்தில் பூவாடைக்காரி கும்பிடுகிறோமே, அதே மனசுதான் என்று தோன்றியது.

அப்புறம் கல்குவாரி. கருங்கல் தீவு என்று சும்மா பெயர் வைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கே கல் வெட்டினார்கள். 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இந்தத் தீவின் கல்தான் போனது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் தரைப்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. அதற்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. கடைசிக் குவாரி 1999-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது; நடுவில் உள்ள மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. குவாரி ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரிகளையும், அந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பி வரும் டிப்பர் லாரிகளையும் பார்த்து வளர்ந்தவனுக்கு, குவாரி என்றால் சத்தம். சத்தமில்லாத குவாரியை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

வண்டியை விலக்கிவைத்த ஊர்கள் உலகத்தில் இன்னும் சில உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மேக்கினா தீவில் 1898-லேயே மோட்டார் வண்டியைத் தடை செய்தார்கள். குதிரைகள் மிரள்கின்றன என்பதுதான் அன்றைய காரணம்! அங்கே இன்றும் குதிரை வண்டியும் சைக்கிளும்தான். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் மாதேரன் மலையூருக்குப் போகிற காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். ஆக, இது நடக்காத காரியமில்லை.

* * *

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்குக் கோடியில் உள்ள செக் ஜாவாவுக்குப் போனோம். கடலும் சதுப்புநிலக் காடும் சேருகிற இடம். கடல் வற்றும்போது நட்சத்திர மீன், நண்டு, கடல்புல் எல்லாம் வெளியே தெரியும். இந்த இடத்தை மண் கொட்டி நிரப்பத் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் கேட்டுக்கொண்டதால் 2001 டிசம்பரில் அரசு அதைத் தள்ளிவைத்தது. 2007-இல் மரப்பலகை நடைபாதை போட்டுத் திறந்தார்கள். அதற்குள் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். காரை நிறுத்தச் சொன்ன தீவு ஓர் இடத்தில் சைக்கிளையும் நிறுத்தச் சொல்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

போகிற வழியில் மேடு உண்டு. இங்கே மெக்கானிக்கல் தம்பிகளுக்காக ஒரு சின்னக் கணக்கு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்! அப்பாவின் கடை சைக்கிளில் முன்சக்கரப் பல் 44, பின்னால் ஃப்ரீவீல் பல் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். அப்படியானால் ஒரு மிதிக்கு சுமார் 5.4 மீட்டர். அந்தத் தீவு சைக்கிளில் மிகச் சின்ன கியருக்கு முன்னால் 24 பல், பின்னால் 28 பல். ஒரு மிதிக்கு 1.8 மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு தூரம், மூன்றில் ஒரு பங்கு பலம். மொத்த வேலை மாறவில்லை. மூன்று மடங்கு சுற்று சுற்ற வேண்டும், அவ்வளவுதான். மேடு ஏற முடியாதவனிடம் 'பலம் போதாது' என்று சொல்கிறோம். பல நேரம் பல் கணக்குத்தான் போதாது!

ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசியவன் இறங்கும்போது விழுந்தேன்.

செக் ஜாவாவிலிருந்து திரும்புகையில் ஒரு சரிவு. வளைவில் ஒரு காட்டுப்பன்றி, பின்னால் நாலைந்து குட்டிகள், வரிசையாகச் சாலையைக் கடக்கின்றன. ஹேண்டில்பாரை ஒடித்தேன். முன்சக்கரம் கல்லில் ஏறியது. நான் புல்லில், சைக்கிள் பள்ளத்தில். பன்றிகள் ஒன்றும் நடக்காத மாதிரி போய்விட்டன! முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் முன்சக்கரம் நெளிந்துவிட்டது. சுற்றிவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் 'சரக் சரக்' என்றது. பட்டுக்கோட்டை அண்ணன், "போச்சு, சக்கரத்துக்குக் காசு கேப்பாரு" என்றார். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அப்போதுதான் அடைந்திருந்தது. ஐந்து வெள்ளி என்றாலும் கணக்குப் பார்க்கிற காலம். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கடைக்கு நடந்தேன்.

பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், முகம் சுருங்கியது. கணக்குப் போடுவதற்குள் நான் சுவரில் தொங்கிய போக்ஸ் சாவியைக் காட்டி, "நான் செய்யட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஆங்கிலம் உடைந்தது, என் ஆங்கிலம் அதைவிட உடைந்தது. அதனால் தமிழிலேயே தருகிறேன். "உனக்குத் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். அப்பா ஃபோர்க்கில் சாக்பீஸ் பிடித்து அடையாளம் போடுவார். இங்கே பிரேக் கட்டையே அளவுகோல். எங்கே உரசுகிறதோ அங்கே தளர்த்து, எதிர்ப்பக்கம் முறுக்கு. கால் சுற்று, சுற்றிப் பார். கை மறந்திருக்கும் என்று பயந்தேன். மறக்கவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. கடைசியில் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கே கத்துக்கிட்டே?" என்றார். ஒர்க்‌ஷாப்பில் நான் பயந்த அதே கேள்வி! "என் அப்பாகிட்ட. எங்க அப்பா வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தார்" என்றேன். இத்தனை வருஷத்தில் ஊருக்கு வெளியே ஒரு ஆளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டினார். காசு கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு கோணல் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "கடைசிப் படகுக்கு இன்னும் நேரம் இருக்கு. இதையும் பார்க்கறியா?"

பட்டுக்கோட்டை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம்! இரண்டையும் முடித்துக் கொடுத்தேன். மூன்று பேருக்கும் குளிர்ந்த இளநீர் கிடைத்தது.

* * *

படகுத்துறையில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ போன் போட்டேன். கடைத்தெருவைத் திருப்பிக் காட்டினேன்.

"எத்தன வண்டி வச்சிருக்கான்?"

"நூறு இருக்கும்பா."

"நோட்டுல எழுதுறானா?"

"எழுதுறாரு."

"மணிக்கு எவ்வளவு?"

"நாள் கணக்குதான்பா. நான் எட்டு வெள்ளி கொடுத்தேன்."

"நாள் கணக்கா..." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "லாரி வராதா அங்க?"

"பாலமே இல்லப்பா, எப்படி வரும்?"

மறுபடியும் பேச்சில்லை. எனக்குப் பின்னால் அந்தப் பெண் குழந்தை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒன்னோட படிச்சானே அந்தப் பையன்... நம்ம அஞ்சாம் நம்பர் வண்டியில போய்..." என்றார்.

எனக்குத் தெரியும். ஐந்தாவது படிக்கும்போது என் வகுப்புப் பையன் ஒருவன் ரோட்டுத் திருப்பத்தில் ஒரு டிப்பர் லாரியில் அடிபட்டான். உயிர் பிழைத்தான், இன்றும் கால் தாங்கித்தான் நடக்கிறான். ஊரே அறிந்த செய்தி. ஆனால் அவன் ஓட்டிப் போனது எங்கள் ஐந்தாம் நம்பர் என்பதும், அடுத்த மாதமே அப்பா மற்ற ஏழு சைக்கிள்களை விற்றார் என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகளாகவே என் தலையில் இருந்திருக்கின்றன. இத்தனை வருஷமும் நான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"குடுக்கறதுக்கு முன்னாடி நான் பிரேக் பாத்துதான் குடுத்தேன். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. ரோடுதான் இல்ல" என்றார் அப்பா.

படகுக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். கூப்பிட்டார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

வருமானம் இல்லாமல் மூடிய கடை என்று நினைத்து நான் வெட்கப்பட்டேன். ஒரு பிள்ளையின் காலுக்காக மூடிய கடை அது. சைக்கிள் பழைய பொருள் ஆகிவிட்டதால் போய்விட்டது என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். அது உண்மையானால் உபினில் எப்படி வரிசையாகக் கடைகள் நிற்கின்றன? அதே இயந்திரம்தான், அதே செயின்தான். அங்கே அதற்கு வழி விட்டிருக்கிறார்கள், இங்கே விடவில்லை.

* * *

2024-இல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். வீட்டுப் பரண் மேல் ஐந்தாம் நம்பர் இருந்தது. ஏழை விற்றவர் அதை மட்டும் விற்கவில்லை. இறக்கினோம். துரு தேய்த்து, பேரிங் குண்டு மாற்றி, புது ட்யூப் போட்டோம். கோட்டம் நான் எடுத்தேன். அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு இடத்தில் மட்டும், "அவசரப்படாத" என்றார்.

மெயின் ரோட்டில் டிப்பர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஏரிக்கரை மேல் லாரி வராது. அங்கே தள்ளிக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டுப் பெண், மூன்றாவது படிக்கிறவள், கேட்டாள். அப்பா முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். குனிந்து பார்த்தார். டயரை அழுத்தினார். இரண்டு பிரேக்கையும் பிடித்து ஆட்டினார். மணி அடித்தார்.

"அரை மணி நேரம்தான். திருப்பிக் கொண்டாந்து விடணும்" என்றார்.

அவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

நண்பர்களே, சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஒரு ஞாயிறு உபினுக்குப் போய் வாருங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். இருட்டுவதற்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். பன்றியைக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் யாராவது ஒரு கோணல் சக்கரத்தை மேஜைமேல் வைத்து, "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால், தெரிந்தவர்கள் தயவுசெய்து கையைத் தூக்குங்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், அதையும் சொல்லிவிடுங்கள்.

— முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை